உஷார்! 'பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை' என்று யாராவது கூப்பிட்டால்...

பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை உங்கள் பிள்ளை எந்த ஏஜென்ட்டுக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

'டேட்டா என்ட்ரி. பாங்காக். மாதம் எண்பதாயிரம். சாப்பாடு, ரூம் ஃப்ரீ. டிகிரி போதும், அனுபவம் தேவையில்லை.' வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ இப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் நாளைக்கு வரும்.

அந்த வேலை பாங்காக்கில் இல்லை. தாய்லாந்திலேயே இல்லை!

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். அந்தப் பையன் இப்போதுதான் ராத்திரியில் தூங்கவே ஆரம்பித்திருக்கிறான்.

இன்ஜினீயரிங் முடித்தவன். சம்பளம் கட்டுப்படியாகாமல் ஒரு கம்பெனியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். கூடப் படித்தவன்தான் ஏஜென்ட் நம்பரைக் கொடுத்தான். இன்டர்வியூ வீடியோ காலில் நடந்தது. எதிர்ப்பக்கம் கேமரா கடைசிவரை ஆன் ஆகவில்லை. படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. இங்கிலீஷில் ஒரு பத்தியைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார்கள். வேகத்தை மட்டும் பார்த்தார்கள். 'செலக்டட்' என்றார்கள். அம்மா செயினை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

பாங்காக் ஏர்போர்ட்டில் அவன் பேர் எழுதிய அட்டையோடு ஒரு டிரைவர் நின்றிருக்கிறார். நம்பிக்கை வராமல் இருக்குமா? வேனில் ஏறினான். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. போனில் மேப்பைத் திறந்து பார்த்தால், நீலப்புள்ளி ஊரை விட்டு வடமேற்கே போய்க்கொண்டே இருக்கிறது. டிரைவரிடம் கேட்டான். பாஷை புரியவில்லை. ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், 'பிராஞ்ச் ஆபீஸ் தம்பி, பயப்படாதீங்க' என்றான். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு, இருட்டில், ஓர் ஆற்றங்கரையில் இறக்கிவிட்டார்கள். சின்னப் படகு. அக்கரையில் துப்பாக்கியோடு ஆட்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆற்றின் பேர் மோய். இக்கரை தாய்லாந்தின் மே சோட். அக்கரை மியான்மரின் மியாவாடி. படகில் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்தில் அவன் விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்த குற்றவாளி ஆகிவிட்டான். இதைக் கவனியுங்கள். கடத்தப்பட்டவன் அவன். ஆனால் காகிதத்தில் குற்றவாளியும் அவன்தான்!

உள்ளே என்ன வேலை தெரியுமா? ஏமாற்றும் வேலை. அழகான ஒரு பெண்ணின் போட்டோவை வைத்துக் கணக்கு தொடங்க வேண்டும். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ தனியாக இருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். என்ன பேச வேண்டும் என்பது வரிவரியாக எழுதிக் கொடுக்கப்படும். இங்கிலீஷ் தடுமாறினால் ஏ.ஐ. திருத்திக் கொடுக்கும். எதிராளி 'முகத்தைக் காட்டு' என்று கேட்டால், வீடியோ காலில் இருப்பவரின் முகத்தையே வேறு முகமாக மாற்றிக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. குரலையும் மாற்றலாம். தினம் பதினாறு, பதினேழு மணி நேரம். டார்கெட் முடிக்கவில்லையென்றால் அடி, ஷாக். 'வீட்டுக்குப் போகணும்' என்று அந்தப் பையன் சொன்னபோது வந்த பதில்: 'உன்னைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். ஐயாயிரம் டாலர் கட்டிவிட்டுப் போ.'

வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் பேச விடுவார்கள், ஸ்பீக்கரில் போட்டு. 'நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா.' இரண்டே வாக்கியம். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வாக்கியம். அந்த அம்மாவுக்கு மூன்றாவது வாரம்தான் வயிற்றைப் பிசைந்தது. எப்போதும் வீட்டு நாயைப் பற்றி விசாரிப்பவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

இது ஏதோ ஒரு பையனின் கெட்ட நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி அடைக்கப்பட்டு மோசடி செய்ய வைக்கப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. 2022 செப்டம்பரிலேயே மியான்மரில் சுமார் 300 இந்தியர்களும், அதில் ஏறக்குறைய 50 தமிழர்களும் சிக்கியிருப்பதாக முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். அதோடு முடியவில்லை. 2022 ஜனவரியிலிருந்து 2024 மே வரை தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாமுக்கு விசிட்டர் விசாவில் போனவர்களில் 29,466 இந்தியர்கள் திரும்பவில்லை என்று குடியேற்றத் துறையின் கணக்கு சொன்னதாக 2024-இல் செய்தி வந்தது. எல்லோரும் மாட்டிக்கொண்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒருவர் உங்கள் தெருப் பிள்ளையாக இருந்தால்?

சரி, போலீஸ் என்ன செய்கிறது? இங்கேதான் என் அடிவயிறு கலங்குகிறது.

அக்கரையில் கூப்பிட போலீஸே இல்லை. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாட்டின் பெரும்பகுதியில் சண்டை. மியாவாடிப் பக்கம் ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய ஓர் ஆயுதக் குழுவின் பிடியில் இருக்கிறது. அந்தக் குழுவின் தலைவர் சா சிட் து மீது 2025 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது, மோசடிக் கூடங்களுக்கு இடம் கொடுத்து லாபம் பார்த்ததற்காக. மதில் சுவர், விடுதி, ஆபீஸ் என்று ஊர்போல எழும்பி நின்ற கே.கே. பார்க் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையை விடுவிக்க நம் தூதரகம் மியான்மர் அரசோடு பேச வேண்டும். அது அந்த ஆயுதக் குழுவோடு பேச வேண்டும். ஆற்றைக் கடந்த பிறகு தாய்லாந்து சம்மதிக்க வேண்டும். இதில் எங்காவது ஒரு முடிச்சு இறுகினால் பிள்ளை மாதக்கணக்கில் உள்ளேதான்.

அழுத்தம் கொடுத்தால் நடக்காமலும் இல்லை. 2025 ஜனவரியில் வாங் சிங் என்ற சீன நடிகர் மே சோட் பக்கம் காணாமல் போனார். சீனாவே கொதித்தது. சில நாட்களில் அவர் மீட்கப்பட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி தாய்லாந்து எல்லை தாண்டிப் போகும் மின்சாரத்தையும் இன்டர்நெட்டையும் எரிபொருளையும் ஐந்து இடங்களில் நிறுத்தியது. அடுத்த சில வாரங்களில் ஏழாயிரம் பேருக்கு மேல் வெளியே விடப்பட்டார்கள். அதன் பிறகுதான் மார்ச் மாதம் நம் விமானப்படை விமானங்கள் மே சோட் போய், இரண்டு நாளில் 549 இந்தியர்களை அழைத்து வந்தன.

அந்த மின்சாரத்தை 2022-லேயே நிறுத்தும்படி நம் பக்கத்திலிருந்து யார் கேட்டார்கள்? எத்தனை முறை கேட்டார்கள்? தெரிந்துகொள்ளப் பெற்றவர்களுக்கு உரிமை உண்டு. மீட்பு விமானம் வந்ததற்கு நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2025 அக்டோபரில் கே.கே. பார்க்கில் ராணுவம் புகுந்தபோதும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் ஆற்றைக் கடந்து ஓடி வந்தார்கள். நவம்பரில் மறுபடி விமானம் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படியென்றால் மார்ச்சுக்குப் பிறகும் நம் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். போய்க்கொண்டும் இருந்திருப்பார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. இன்டர்நெட் வயரை வெட்டினாலும் அவர்கள் நிற்கவில்லை, கூரையில் செயற்கைக்கோள் வழி இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் டிஷ்களை வைத்துக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் 2,500-க்கும் மேற்பட்ட கருவிகளை முடக்கிவிட்டதாக அந்த நிறுவனமே அக்டோபரில் அறிவித்தது. அத்தனை கருவிகள் அங்கே எப்படிச் சேர்ந்தன?

நம் சட்டத்தில் இருக்கும் ஓட்டையைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் காப்பாற்ற 1983-இல் ஒரு சட்டம் வந்தது. பத்தாவது முடிக்காதவர், பட்டியலில் உள்ள சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசு அனுமதி வாங்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்றைக்குத் தூக்கிக்கொண்டு போவது டிகிரி படித்த, டைப் அடிக்கத் தெரிந்த பிள்ளைகளை! அவர்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. போவதோ டூரிஸ்ட்டாக. மியான்மரும் கம்போடியாவும் லாவோஸும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. படித்த பிள்ளை, விவரமானவன் என்று நீங்கள் தைரியமாக இருக்கிறீர்கள். அந்தப் படிப்புதான் அவனை ஒரு கேள்வியும் இல்லாமல் விமானத்தில் ஏற்றிவிடுகிறது.

இனி இதையெல்லாம் மனதில் பதியுங்கள்.

பாங்காக்கில் வேலை, விசா மட்டும் டூரிஸ்ட். உஷார்! 'போன பிறகு மாற்றித் தருவோம்' என்பது பொய். வேலை விசா கையில் இல்லாமல் ஏறக் கூடாது.

இன்டர்வியூவில் டைப்பிங் வேகம் மட்டும் பார்த்தார்களா? உஷார்! முகம் காட்டாத முதலாளி வேண்டவே வேண்டாம். முகம் காட்டினாலும் அது யார் முகம் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது.

ஏஜென்ட் லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நண்பன் சொன்னான், சொந்தக்காரர் சொன்னார் என்று போகாதீர்கள். உள்ளே இருப்பவனையே மிரட்டி, 'இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவா, உன்னை விடுகிறோம்' என்பார்கள். நண்பனின் மெசேஜுக்குப் பின்னால் யார் கை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஏர்போர்ட்டிலிருந்து வண்டி ஊரைத் தாண்டுகிறதா? மே சோட், தாக், சியாங் ராய் என்ற பேர்கள் கண்ணில் படுகின்றனவா? டாய்லெட் போக வேண்டும், வயிற்று வலி, எதையாவது சொல்லி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இறங்கிவிடு, தம்பி. பெட்டி போகட்டும். தாய்லாந்து மண்ணில் இருக்கும்வரை உன்னைத் தேட ஒரு போலீஸ் இருக்கிறது, ஒரு தூதரகம் இருக்கிறது.

எந்த ஆற்றையும் கடக்காதே.

'என் பிள்ளை எங்கேயும் போகவில்லை, எனக்கென்ன' என்கிறவர்களுக்கும் இது உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போலீஸ்போல மிரட்டி வரும் வீடியோ கால் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? 2024-இன் முதல் நான்கு மாதங்களில் பதிவான சைபர் மோசடிகளில் ஏறக்குறைய பாதியின் வேர் மியான்மர், கம்போடியா, லாவோஸில் இருப்பதாக மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவே சொன்னது. அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டு மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய்க்கு மேல். உங்களிடம் தமிழில் பேசி மிரட்டுகிறவன், அடிக்குப் பயந்து பேசும் இன்னொரு அம்மாவின் பிள்ளையாகவும் இருக்கலாம். இரக்கப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள். போனை வையுங்கள். உடனே 1930-க்கு அடியுங்கள்.

உங்கள் தொகுதி எம்.பி.யைப் பார்க்க நேர்ந்தால் இதைக் கேளுங்கள்: எங்கள் மாவட்டத்திலிருந்து போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர்? பிடிபட்டது உள்ளூர் ஏஜென்ட் மட்டுமா, அவனுக்கு மேலே இருந்தவனுமா? டூரிஸ்ட்டாகப் போகும் பட்டதாரிக்கு எந்தச் சட்டம் காவல்? வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பிள்ளை ஏற்கெனவே போயிருந்தால் ஒரு நிமிஷமும் தள்ளிப் போடாதீர்கள். கேட்கிற டாலரை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். கட்டிய பிறகும் வேறு கூடத்துக்கு விற்றுவிடுவார்கள். அவன் கடைசியாக அனுப்பிய லொகேஷன், பாஸ்போர்ட் நகல், ஏஜென்ட் நம்பர், பணம் அனுப்பிய ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு இன்றைக்கே போங்கள். அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லாத எண் 1800 309 3793. ஊர் என்ன சொல்லும் என்று ஒளிக்காதீர்கள். அவன் அடுத்த முறை ஸ்பீக்கரில் பேசும்போது அழாதீர்கள், புகார் கொடுத்ததைச் சொல்லவும் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் பேசிய நாளையும் நேரத்தையும் எந்த நம்பரிலிருந்து பேசினான் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள் வேண்டும்.