கார் பாலீஷ்: எந்த பேட், எந்த பாலீஷ்? சாவியைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் உங்கள் காரின் பானெட்டைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா? கறுப்பு, அடர் நீலம், சிவப்பு கார்களில் பளிச்செனத் தெரியும். வெள்ளைக் காரிலும் இருக்கும்; கண்ணுக்கு எளிதில் அகப்படாது, அவ்வளவுதான். இவற்றைத்தான் டீட்டெயிலிங் கடைகளில் ‘ஸ்வர்ல் மார்க்’ என்கிறார்கள்.

இவற்றை உண்மையாகவே நீக்க வேண்டும் என்றால் மெஷின் பாலீஷ் செய்ய வேண்டும். கடைக்குப் போனால் ‘ரப்பிங்’, ‘ஒன் ஸ்டெப்’, ‘த்ரீ ஸ்டெப்’ என்று விதவிதமாக பேக்கேஜ் சொல்வார்கள். நாமும் விலையைக் கேட்போம், எப்போது கார் கிடைக்கும் என்று கேட்போம். எந்த பேட், எந்த பாலீஷ் என்று மட்டும் கேட்பதில்லை. காரின் பெயின்ட் இன்னும் பத்து வருடம் தாங்குமா என்பதே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தலைமுடியைவிட மெல்லிய கவசம்

பாலீஷ் போடுவது என்றால் பெயின்ட் மீது எதையோ பூசுவது என்று பலரும் நினைக்கிறோம். பூசுவது வாக்ஸும் கோட்டிங்கும் செய்யும் வேலை. பாலீஷில் இருப்பது மிக நுண்ணிய உராய்வுத் துகள்கள். அவை பெயின்ட்டின் மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கின்றன. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பு இறங்கியதும் கீறல் மறைகிறது.

அப்படி இறக்குவதற்கு எவ்வளவு இருக்கிறது? இன்றைய கார்களில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உண்டு. எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் என்றால் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த மெல்லிய கவசம்தான். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கார் பளபளவென்றுதான் இருக்கும். சில வருடங்கள் வெயிலில் நின்ற பிறகு ரூஃபிலும் பானெட்டிலும் வெளுத்து, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கும். அப்புறம் ரீபெயின்ட் ஒன்றே வழி.

மென்மையான ஃபினிஷிங் பாலீஷ் ஒரு மைக்ரான் அளவுக்கோ, அதற்கும் குறைவாகவோ எடுக்கும். வீரியமான கம்பவுண்டும் கரடுமுரடான பேடும் சேர்ந்தால் ஒரே தடவையில் சில மைக்ரான் போய்விடும். பணம் போட வழியில்லாத, எடுக்க மட்டுமே முடிகிற வங்கிக் கணக்கு மாதிரிதான் கிளியர் கோட். சிக்கனமாக எடுத்தால் நீண்ட நாள் வரும்.

பேடில் மூன்று வகை

ஊல் பேட்: கம்பளி முடி போல இருக்கும். வேகமாக வெட்டும், ஆழமான கீறல், ரீபெயின்ட் செய்த இடத்தில் உப்புத்தாள் போட்ட தடம் போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் தன் பங்குக்கு மெல்லிய கோடுகளை விட்டுவிட்டுப் போகும். அடுத்து ஒரு மென்மையான ஃபோம் பேட் ஓட்டியே ஆக வேண்டும்.

மைக்ரோஃபைபர் பேட்: இதுவும் நன்றாக வெட்டும். மென்மையான பெயின்ட்டில் லேசான மங்கல் தெரியக்கூடும். சீக்கிரம் அழுக்கு ஏறிவிடும் என்பதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

ஃபோம் பேட்: அதிகம் புழங்குவது இதுதான். கட்டிங், பாலீஷிங், ஃபினிஷிங் என்று கடினத்திலிருந்து மென்மை வரை பல தரங்களில் கிடைக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேடின் நிறத்தை வைத்து அதன் தரத்தை முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ரூபெஸ் ஃபோம் பேடுகளில் நீலம்தான் கரடு. மஞ்சள் மென்மையான வகை. லேக் கன்ட்ரி என்ற இன்னொரு கம்பெனியின் வழக்கமான ஃபோம் வரிசையிலோ மஞ்சள்தான் நன்றாக வெட்டும் வகை. ‘மஞ்சள் பேட் போட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பெனி மஞ்சள் என்று கேட்டாக வேண்டும்.

பாலீஷிலும் அதே கதை

தோசைக்கல் தேய்க்கும் கம்பி நாரால் கண்ணாடி டம்ளரைத் தேய்ப்போமா? பாலீஷ் தேர்வும் அப்படித்தான். ஆழமான கீறலுக்கு கம்பவுண்ட், சாதாரண ஸ்வர்ல் மார்க்குக்கு நடுத்தர பாலீஷ், கடைசிப் பளபளப்புக்கு ஃபினிஷிங் பாலீஷ் என மூன்று படிகள்.

பாட்டிலில் இருக்கும் எண்ணும் குழப்பும். மென்செர்னாவில் 400 என்பது வீரியமான கம்பவுண்ட். 3800 என்பது மென்மையான ஃபினிஷிங் பாலீஷ். எண் கூடக் கூட மென்மை. கோச் கெமியிலோ ஹெச்9 வீரியம், எஃப்6 நடுத்தரம், எம்3 மென்மை. அங்கே எண் குறையக் குறைய மென்மை. எண்ணைப் பார்க்காமல், லேபிளில் எவ்வளவு வெட்டும், எவ்வளவு பளபளப்பு தரும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம்: சில பாலீஷ்களில் எண்ணெயும், கீறலை நிரப்பி மறைக்கும் பொருளும் கலந்திருக்கும். கார் டெலிவரி எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். நாலைந்து வாட்டர் வாஷ் முடிந்ததும் பழைய கீறல்கள் எல்லாம் எட்டிப் பார்க்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்தால், கீறல் உண்மையாகப் போயிருக்கிறதா, மூடி வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

ஜோடி பொருத்தம்

பேடையும் பாலீஷையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்துதான் எவ்வளவு வெட்டும் என்பதைத் தீர்மானிக்கும். ஒரே பாலீஷை மென்மையான பேடில் போட்டால் வெட்டு குறையும். கடினமான பேடில் போட்டால் கூடும். பொதுவான பொருத்தம் இது:

* லேசான மங்கல், மெல்லிய ஸ்வர்ல்: ஃபினிஷிங் பாலீஷ், மென்மையான அல்லது நடுத்தர ஃபோம்.
* நன்றாகத் தெரியும் ஸ்வர்ல், லேசான பறவை எச்சத் தடம்: நடுத்தர பாலீஷ், நடுத்தர ஃபோம்.
* ஆழமான கீறல்கள்: கம்பவுண்ட், கட்டிங் ஃபோம் அல்லது மைக்ரோஃபைபர். அதன் பிறகு ஃபினிஷிங் கட்டாயம்.
* நகத்தால் வருடினால் நகம் சிக்கும் கீறல்: பாலீஷால் முழுதாக எடுக்க நினைக்காதீர்கள். டச்-அப் பெயின்ட்தான் அதற்கு வழி.

போர்வெல் தண்ணீரில் கழுவிக் காய்ந்த வெள்ளை உப்புக் கறை இருந்தால், அதற்கென்றே விற்கும் ரிமூவரை முதலில் போட்டுப் பாருங்கள். அதில் போகாமல் பெயின்ட்டை அரித்த தடம் மட்டுமே பாலீஷுக்கு உரியது.

ரெண்டடிச் சதுரம் சொல்லும் பதில்

ஒரே பட்டியல் எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஒரு காரின் கிளியர் கோட் கல் மாதிரி இருக்கும். இன்னொன்றில் துணி பட்டாலே கோடு விழும். ரீபெயின்ட் செய்த கதவும், கம்பெனி பெயின்ட் இருக்கும் பக்கத்துக் கதவும்கூட ஒரே மாதிரி இருக்காது. அதனால் நல்ல வேலைக்காரர்கள் முதலில் செய்வது டெஸ்ட் ஸ்பாட்.

பானெட்டில் ரெண்டடிச் சதுரம் டேப் ஒட்டி ஒதுக்குவார்கள். இருப்பதிலேயே மென்மையான பேடையும் பாலீஷையும் போட்டு அந்த இடத்தில் மட்டும் ஓட்டுவார்கள். துடைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். போதுமா? கார் முழுக்க அதே ஜோடி. போதவில்லையா? பாலீஷை மட்டும் ஒரு படி ஏற்றுவார்கள், அல்லது பேடை மட்டும். போதும் என்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். எடுத்த எடுப்பில் கம்பவுண்ட் போட்டுவிட்டால், மென்மையான ஜோடியிலேயே வேலை முடிந்திருக்குமா என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நீங்களே செய்வதானால்...

மெஷினில் ரோட்டரி, டூயல் ஆக்‌ஷன் என இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். வேகமாக வெட்டும், சூடேற்றும். கை பழகாதவர் ஒரே இடத்தில் நிறுத்தினால் பெயின்ட் கருகிவிடும். வெயிலில் நெளிந்து தெரியும் ‘ஹோலோகிராம்’ கோடுகளும் பெரும்பாலும் ரோட்டரி விட்டுச் செல்பவைதான். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே ஊசலாடும். வீட்டில் பழகுபவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

* காரை நன்கு கழுவி, கிளே பார் தேய்த்து ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்த பிறகே பேடை வையுங்கள். மண் ஒட்டியிருந்தால் அதுவே உப்புத்தாள்.
* நேர் வெயிலிலும் சூடான பாடி மீதும் வேண்டாம். நிழலில் நிறுத்தி, தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது தொடங்குங்கள்.
* பட்டாணி அளவில் மூன்று, நான்கு சொட்டு போதும். குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்துங்கள்.
* பாடியின் ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மெல்லியது, டேப் ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சூடு சீக்கிரம் தணியாது; அங்கே கூடுதல் கவனம் தேவை.
* ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் பேடை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஒரு காருக்கு ஒரே பேட் போதாது. ஐந்தாறாவது கைவசம் வேண்டும்.
* மேட் ஃபினிஷ் கார் என்றால் பாலீஷ் பக்கமே போகாதீர்கள். பளபளத்த இடம் திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

பழைய அம்பாசடர் போன்ற கார்களில் கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு இருக்கலாம். அதில் பாலீஷ் போட்டால் பேடில் காரின் நிறமே வரும். பதற வேண்டாம், ஆனால் எடுப்பது நிறத்தையேதான் என்பதை நினைவில் வைத்து மென்மையாகச் செய்யுங்கள்.

கடையில் கேட்க ஐந்து கேள்விகள்

1. பெயின்ட் தடிமனை கேஜ் வைத்து அளப்பீர்களா? சாதாரண கேஜ் மொத்தத் தடிமனைத்தான் காட்டும். ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் அளவு மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால், முன்பே தேய்த்ததா, ரீபெயின்ட்டா என்று ஊகிக்கலாம்.
2. டெஸ்ட் ஸ்பாட் போட்டு என்னிடம் காட்டுவீர்களா?
3. என்ன பேட், என்ன பாலீஷ்? ஏன் அது?
4. எத்தனை பேட் மாற்றுவீர்கள்? முந்தைய காரில் ஓட்டிய அழுக்கு பேட் என் காருக்கு வருமா?
5. முடிந்ததும் ஆல்கஹாலில் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் காட்டுவீர்களா?

வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். உற்சாகமாகவே பதில் சொல்வார். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்’ என்று மழுப்பினால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

‘நூறு சதவிகிதம் கீறலே இருக்காது’ என்று வாக்குறுதி தருபவரிடமும் ஜாக்கிரதை. தினமும் ஓட்டும் காரில் நாலைந்து ஆழமான கீறல்களை அப்படியே விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். கடைசிக் கீறல் வரை துரத்துவதில்தான் கிளியர் கோட் அதிகம் கரைகிறது.

பாலீஷ் முடிந்ததும் பழைய வாக்ஸ், கோட்டிங் எல்லாம் போயிருக்கும். அதனால் வாக்ஸோ, சீலன்ட்டோ, செராமிக் கோட்டிங்கோ ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிறகு காலையில் தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். உங்கள் காரை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் துடைக்கிறார் என்றால் அவரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கி, ஷாம்பு தோய்த்த மைக்ரோஃபைபரால் துடைத்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஸ்வர்ல் மார்க்கில் பெரும்பகுதி அந்தக் காய்ந்த துணியிலிருந்துதான் வருகிறது. அது நின்றால் அடுத்த பாலீஷ் தள்ளிப்போகும்; காரின் பெயின்ட்டும் உங்கள் பணமும் மிஞ்சும்!