42 இருக்க வேண்டிய இடத்தில் 29: போர் விமானக் கொள்முதல் தாமதமாவது ஏன்?

புது தில்லி: சண்டீகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி கடைசி மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுக்கப்பட்டபோது, இந்திய விமானப் படையின் போர் விமானப் படைப்பிரிவுகளின் எண்ணிக்கை 29-ஆகக் குறைந்தது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. உலகின் முன்னணிப் பொருளாதாரங்களில் ஒன்றான நாட்டில் இந்த இடைவெளிக்குப் பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமல்ல.

மிக்-21-க்கு மாற்றாகவே இலகு ரகப் போர் விமானத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதில் உருவான 'தேஜஸ்' முதன்முறையாகப் பறந்தது 2001 ஜனவரியில். படையில் சேர்ந்தது 2016 ஜூலையில். அதற்கென உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட 'காவிரி' என்ஜின் போதிய உந்துவிசையைத் தராததால் அமெரிக்காவின் ஜிஇ நிறுவன என்ஜினை நாட வேண்டியதாயிற்று. மேம்படுத்தப்பட்ட 83 தேஜஸ் விமானங்களுக்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) நிறுவனத்துடன் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 மார்ச்சில் விநியோகம் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால், முதல் என்ஜினை ஜிஇ ஒப்படைத்ததே 2025 மார்ச்சில்தான். விமானம் உள்நாட்டுத் தயாரிப்பு. அதன் இதயமோ இறக்குமதி!

வெளிநாட்டுக் கொள்முதலும் எளிதாக இல்லை. 126 விமானங்களுக்கு 2007-இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, 2012-இல் ரஃபேல் தேர்வானது. இந்தியாவில் தயாராகும் விமானங்களின் தரத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு முடிவுக்கு வரவில்லை. இறுதியில், 2016 செப்டம்பரில் 36 விமானங்கள் மட்டும் வாங்க ஒப்பந்தமானது.

போஃபர்ஸ் விவகாரம் விட்டுச் சென்ற அச்சமும் உண்டு. 1986 ஒப்பந்தத்துக்குப் பின், அதே 155 மி.மீ. ரகத்தில் புதிய பீரங்கி வாங்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. கோப்பில் கையெழுத்திட்டால் பின்னாளில் விசாரணை வரலாம். தாமதப்படுத்துவதற்கோ யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

திட்டமிடலிலும் சிக்கல் உள்ளது. முப்படைகளின் தேவைகளை முன்னுரிமைப்படுத்தும் முப்படைத் தலைமைத் தளபதி பதவியே 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட ரூ.6.81 லட்சம் கோடியில், ஓய்வூதியத்துக்கு மட்டும் ரூ.1.60 லட்சம் கோடி. புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு ரூ.1.80 லட்சம் கோடி. அதிலும் ஒரு பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைகளுக்கே சென்றுவிடும்.

மிக்-21 விடைபெறுவதற்கு முந்தைய நாள், மேலும் 97 தேஜஸ் விமானங்களுக்கு ரூ.62,370 கோடியில் ஒப்பந்தமானது. அவற்றின் விநியோகம் 2027-28-இல் தொடங்கி ஆறு ஆண்டுகளில் நிறைவடையும் என்று பாதுகாப்பு அமைச்சகம் தெரிவித்துள்ளது.