உங்களுக்குத் தெரியுமா? வேலையிடக் கணினியும் ஒன்ராறியோச் சட்டமும்

ஸ்ரௌவ்விலின் பொதுப் பாடசாலைகளை நடத்தும் யோர்க் பிராந்தியக் கல்விச் சபையின் வழக்கொன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு ஆசிரியைகள் வேலையிடத்து மனக்குறைகளைச் சொந்தக் கூகுள் கணக்கில், கடவுச்சொல் போட்டு, பகிர்ந்து எழுதி வந்தார்கள். ஒருநாள் வகுப்பறையில் பாடசாலையின் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. உள்ளே வந்த அதிபர் அதைத் தொட்டதும் அந்தக் குறிப்பு திரையில் தெரிந்தது. அவர் கீழே இறக்கி வாசித்ததோடு, கைத்தொலைபேசியால் படமும் பிடித்தார். ஆசிரியைகளுக்கு எழுத்தில் கண்டனம் கிடைத்தது. ஆசிரியர் சங்கம் விடவில்லை. ஏறத்தாழப் பத்து வருடம் கழித்து, 2024 ஜூன் 21இல், சபையின் மேல்முறையீட்டை ஏழு நீதிபதிகளும் தள்ளுபடி செய்தார்கள். கணினி சபையுடையது என்பதற்காக உள்ளே இருப்பதெல்லாம் சபைக்குச் சொந்தமாகிவிடாது.

ஆனால் அந்தத் தீர்ப்பு உரிமைகள் சாசனத்தின் மேல் நிற்கிறது. சாசனம் அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். சாதாரணத் தனியார் கம்பனியில் வேலை செய்பவரின் அந்தரங்கத்தைக் காக்கவென்று ஒன்ராறியோவில் தனிச் சட்டம் கிடையாது. நம்மவர்களில் மிகப் பலர் வேலை செய்வது அப்படியான இடங்களில்தான். இந்த ஓட்டை அடைபட வேண்டும்.

இப்போதைக்கு இருப்பது இவ்வளவுதான்: ஜனவரி 1இல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், கணினி, தொலைபேசி, வாகன ஜிபிஎஸ் வழியாக உங்களைக் கண்காணிக்கிறதா, எப்படி, எதற்காக என்று எழுதித் தர வேண்டும். 2022 அக்டோபர் முதல் இது கட்டாயம். கண்காணிக்காதே என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய் என்கிறது. அந்தத் தாள் உங்களுக்குத் தரப்பட்டதா என்று கேளுங்கள்.

கண்காணிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு மாகாணத்து உதாரணம்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு கணக்காளர், வேலை நீக்கத்துக்கு இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயம் போனார். அவருடைய மடிக்கணினியில் கம்பனி போட்டிருந்த டைம்கேம்ப் என்ற நேரம் பதியும் மென்பொருள், ஏறத்தாழ 50 மணிநேரத்துக்குக் கணக்கில்லை என்று காட்டியது. தாளில் அச்சிட்டு வேலை செய்தேன் என்றார். அச்சிட்டதையும் அந்த மென்பொருள் பதிந்திருக்கும் என்று கம்பனி காட்டியது. 2023 ஜனவரியில் அவரே கம்பனிக்கு 2,600 டாலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பானது.

ஒன்ராறியோவில் வேலை தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனம் விண்ணப்பங்களை வடிகட்டச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால், பொது வேலை விளம்பரத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். அதே விளம்பரத்தில் "கனேடிய அனுபவம்" கேட்கவும் கூடாது! யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பொறியியலாளர்களாக, கணக்காளர்களாக இருந்தவர்கள் எத்தனை வருடம் இந்த இரண்டு சொற்களில் முட்டி நின்றார்கள். மிகவும் பிந்தி வந்த விதி, என்றாலும் வந்திருக்கிறது.

வேலை முடிந்த பிறகு வரும் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்வது பற்றியும் 25 பேரோ அதற்கு மேலோ கொண்ட நிறுவனத்தில் எழுத்திலான கொள்கை இருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதுவது என்பது முதலாளியின் விருப்பம்.

சம்பள விபரத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆனால் அதைத் தாளில் எடுக்கும் வசதி உங்களுக்கு இருந்தால்தான் சட்டம் அதை ஏற்கும். தினமும் வாரமும் செய்த மணிநேரப் பதிவுகளைப் பொதுவாக 3 வருடம் வைத்திருப்பது முதலாளியின் கடமை. இடையில் செயலியை மாற்றினோம், பழையது அழிந்துவிட்டது என்பது சாட்டு ஆகாது. நீங்களும் மாதாமாதம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். சம்பளம் குறைத்துத் தரப்பட்டால் தொழில் அமைச்சிடம் முறைப்பாடு செய்ய உங்களுக்கு இருப்பது 2 வருடம் மட்டுமே.