கதவைத் தட்டியவர் யாரென்று கேட்காத மிஸ்ஸி

ரந்தாவ் வட்டாரத் தோட்டப் பள்ளியில், "படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று பெண் பிள்ளைகளைக் கேட்டால், ஒருத்தியாவது "மிஸ்ஸி ஆவேன், சார்" என்பாள். வெள்ளை உடுப்பு அவர்கள் கண்ணில் படுகிறது. அந்த வேலை எவ்வளவு கேட்கும் என்பது படுவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது சிபில் கார்த்திகேசுவின் கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

சிபில் ஒரு யுரேசியப் பெண். 1899 செப்டம்பர் 3-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்று, 1919-இல் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்தார். 1926-இல் இருவரும் ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் திறந்தார்கள். சிபிலுக்குக் கண்டோனிஸ் மொழி தண்ணீர் பட்ட பாடு. சீனத் தாய்மார்கள் தங்கள் நோயைத் தங்கள் மொழியிலேயே அவரிடம் சொன்னார்கள். மருந்தில் பாதி அதுதானே!

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். மரவள்ளிக்கிழங்கையும் சயாம் மரண ரயிலையும் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஈப்போ விழும் முன்பே சிபில் குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்குப் போய்விட்டது. மெயின் ஸ்திரீட் 74-ஆம் எண் வீடு நோயாளிகளுக்குத் திறந்தே இருந்தது. பகலில் ஊர்ச் சனங்கள் வந்தார்கள். இரவில் வந்தவர்கள் வேறு. காட்டில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டவர்கள்; நம் பெரியவர்கள் 'பிந்தாங் தீகா' என்பார்களே, அவர்கள்தாம். நோயோடும் காயத்தோடும் வந்தவர்களிடம் 'நீ யார்?' என்று சிபில் கேட்கவில்லை. மருந்து கொடுத்து அனுப்பினார். வீட்டில் ஒளித்து வைத்த ரேடியோவில் பி.பி.சி. செய்தியும் கேட்டார். இரண்டில் எது வெளியே தெரிந்தாலும் தலை போகும் காலம்.

1943-இல் கணவரும் மனைவியும் பிடிபட்டார்கள். கெம்பிதாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீஸ் சிபிலை அடித்து உதைத்தது. பெயர்களைச் சொன்னால் போதும் என்றது. சொன்னால் பாப்பான் சனங்கள் கதி என்ன? அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் சின்ன மகளைக் கொண்டுவந்து, தீக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டார்கள். அப்போதும் அவர் சொல்லவில்லை. நல்ல வேளை, சிறுமி உயிர் தப்பினாள்.

இந்த இடத்தில் வகுப்பு மூச்சு விடாது. ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "பிள்ளைக்காகச் சொல்லியிருக்கலாமே, சார்?" என்று கேட்டாள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பதில் வரவில்லை. உட்காரச் சொன்னேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

1945-இல் ஜப்பானியர் சரணடைந்த பிறகு சிபில் வெளியே வந்தார். நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். வீரத்துக்கான ஜார்ஜ் மெடல் கிடைத்தது. அங்கேதான் தம் அனுபவங்களை எழுதினார். அது 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் 1954-இல் புத்தகமாக வந்தது. அச்சில் பார்க்க அவர் இல்லை. தாடையில் விழுந்த பழைய உதை புண்ணாகி, இரத்தத்தில் நஞ்சேறி, 1948 ஜூன் 12-இல் காலமானார். வயது 48.

ஸ்காட்லாந்தில் புதைத்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்து மறுபடி அடக்கம் செய்தார்கள். ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.