நெல் விளையாத மேடு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியெல்லாம் தாமிரபரணிப் பாசனம்தான்: நெல், வாழை, குளம், மறுபடி வாழை. கருங்குளம் தாண்டியதும் பச்சை அறுந்துபோய், சரளையும் முள்மரமுமாக ஒரு மேடு வரும். ஊரார் அதைப் பரம்பு என்கிறார்கள். ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கர் பழங்கால இடுகாடு அதுதான்.

இங்கே கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறோம். எனக்கென்னவோ இந்த மேடுதான் அதைவிடப் பெரிய தடயம். வண்டல் மண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, செத்தவர்களை ஏன் கல்லுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்?

வண்டலில் குழி வெட்டுவது சுலபம். இங்கே மூன்றடிச் சரளைக்கு அடியில் சிதைந்த வெங்கச்சங்கல் பாறை. 1899 முதல் இங்கே அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, அந்தப் பாறையை ஈமத் தாழிக்கு ஒரு குழியாகக் குடைந்து, இரண்டு குழிக்கு நடுவே பாறையையே சுவராக விட்டிருந்ததைக் கண்டார். முதுமக்கள் தாழிக்கு அடி தட்டையாக இருக்காது. முட்டைபோல் குவிந்திருக்கும், தரையில் நிற்காது. குடைந்த குழி அதை இடுப்பில் குடம்போல் தாங்கிக்கொள்கிறது. இரும்பு ஆயுதங்கள் முனை கீழாகக் கிடந்தன. சுற்றி நின்றவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனார்களோ என்று ரீ ஊகித்தார்.

தாழிக்குள் இருந்த சின்னப் பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் இருந்தன. இந்த மேட்டில் நெல் விளையாது. கீழே வயலில் அறுத்ததுதான் மேலே வந்திருக்க வேண்டும். பயிருக்கு ஆகாத நிலத்தை இடுகாட்டுக்கு ஒதுக்கிய கணக்கு அதில் தெரிகிறது. மேட்டில் வெள்ளம் ஏறாது, சரளையில் தண்ணீர் தேங்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்கும். தாமிரபரணியின் வடகரையில் சிவகளையிலும் தாழிகள் பரம்பில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு தாழியில் எடுத்த நெல் உமி, கரிமக் கணிப்பில் கி.மு. 1155 என்று வந்தது.

1876இல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய ஜெர்மானியர் யாகோர் எடுத்ததெல்லாம் பெர்லினுக்குப் போய்விட்டது. ஆனால் பாறையைப் பெட்டியில் கட்ட முடியாதே, குடைந்த குழிகள் இங்கேயே இருக்கின்றன! 2023இல் குழிகளின் மேல் கண்ணாடி பதித்துக் களத்திலேயே அருங்காட்சியகம் அமைத்தார்கள். போனால் தாழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். குழியின் பக்கத்தையும் பாருங்கள், கல்லைக் குடைந்த இடம் அதுதான்.