இல்லாத கையின் வலி

பட்டாசு விபத்துகளில் மாண்டோரின் எண்ணிக்கையை நாளிதழில் படித்து நாம் வருந்துகிறோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் உயிர் தப்பி, கையை இழந்து வீடு திரும்புவோரின் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. துண்டிக்கப்பட்ட கை இன்னும் இருப்பதாகவும், விரல்கள் இறுக மடங்கி உள்ளங்கையில் நகம் பதிவதாகவும் அத்தகையோர் துடிப்பதுண்டு. அதைப் பிரமையென்று தள்ளிவிடலாகாது. கைதான் இல்லை, வலி மெய்யே.

இப்புதிரை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் நம் தமிழகத்தவர். 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சினால் தொட்டார். இல்லாத விரல்களில் தொடுவுணர்வு தோன்றிற்று! மூளையில் முகத்துக்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து இருப்பதே காரணமென்பது அவர் விளக்கம்.

1990-களில் அவர் அமைத்த கருவியோ, நடுவே நிலைக்கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டி, அவ்வளவே. (அச்சுத் தொழில் செழித்த சிவகாசியில் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமா?) நலமான கையின் பிம்பத்தை நோக்கினால், இழந்த கை மீண்டதுபோல் தோன்றும். கையை விரித்தால் பிம்பமும் விரியும். இறுகிய விரல்கள் தளர்ந்ததாக மனம் உணரும். இதனை அவரும் அவர்தம் துணைவியார் டயானும் 1996-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

எல்லாருக்கும் இது பலித்ததில்லை. பின்வந்த சோதனைகளின் முடிவுகளும் ஒருபடித்தானவை அல்ல. எனினும் செலவு சொற்பம். கையிழந்தோர் இருக்கும் இல்லத்தார், இயன்முறை மருத்துவரிடம் கண்ணாடிப் பயிற்சி என்று சொல்லிக் கேட்டறியலாம்.