தொடர்புதினத்தின் பிற்பகுதியும் படிப்போர் கருத்தும்: ‘தெஹானு’வை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு புதினம் பல நூல்களாகத் தொடர்ந்து வெளிவருங்கால், பின்வரும் நூலைப் பற்றிப் படிப்போர் கூறும் கருத்து முதல் நூலைப் பற்றிக் கூறும் கருத்தினின்றும் தன்மையால் வேறுபடுவதாகும். முதல் நூலைக் கையிலெடுப்போர் அதன் உலகை அறியாதவராய் உட்புகுவர். நான்காம் நூலை எடுப்போரோ முன்னைய மூன்றும் தம் உள்ளத்தே எழுப்பிய உலகைச் சுமந்துகொண்டே புகுவர். ஆதலின் அவர்தம் புகழுரையிலும் இகழுரையிலும் நூலைப் பற்றியது எத்துணை, அவர் நினைவைப் பற்றியது எத்துணை எனப் பிரித்தறிதல் ஆய்வாளர் கடனாகின்றது.

முற்றிலும் புனைந்த உலகையும் இயற்கை இறந்த நிகழ்ச்சிகளையும் கொண்ட மிகுபுனைவுப் புதினங்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அவ்வுலகின் சட்டங்களை வகுத்தவர் ஆசிரியரே ஆதலின், தாம் வகுத்ததைத் தாமே மீறினார் என்னும் வழக்கு அவர்மேல் எளிதில் எழும். அவ்வாறு எழுந்த வழக்குகளுள் நன்கறியப்பட்டது, அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் (1929–2018) 1990-இல் வெளியிட்ட ‘தெஹானு’ என்னும் நூலைப் பற்றியதாகும். அவ்வழக்கின் இருபுறத்தையும் கேட்டு, நூற்சான்றுகொண்டு அதனை அளந்து காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் மூன்று நூல்கள்

எர்த்சீ என்பது கடலிடைப் பரந்து கிடக்கும் எண்ணிறந்த தீவுகளாலாகிய ஒரு புனைவுலகம். அங்கு ஒவ்வொரு பொருளுக்கும் மெய்ப்பெயர் ஒன்று உண்டு. அதனை அறிந்தோன் அப்பொருளை ஆள்வான். மாயவித்தையைக் கற்பிக்கும் பள்ளி ரோக் என்னும் தீவில் உள்ளது. ஆடவர்க்கு மட்டுமே ஆங்கு இடமுண்டு.

முதல் நூல் ‘எர்த்சீயின் மாயவல்லான்’ 1968-இல் வெளிவந்தது. கான்ட் தீவில் ஆடு மேய்த்த சிறுவனாகிய கெட், தன் செருக்கினால் தானே வெளிவிட்ட நிழலை உலகின் எல்லைவரை துரத்திச் சென்று, அதனைத் தன் பெயரால் அழைத்துத் தன்னுள் ஏற்பதை அது கூறும். வல்லூறு என்பது அவனுடைய வழக்குப்பெயர். இரண்டாம் நூலாகிய ‘அட்டுவான் கல்லறைகள்’ (1971) டெனார் என்னும் பெண்ணின் கதை. சிறுவயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, பெயரில்லாத் தெய்வங்கட்குப் பூசகியாக்கப்பட்ட அவள், கெட்டின் துணையால் இருளினின்றும் வெளியேறுகிறாள். மூன்றாம் நூலாகிய ‘தொலைதூரக் கரை’ (1972), தலைமை மாயவல்லானாக உயர்ந்த கெட், லெபான்னென் என்னும் இளவரசனுடன் இறந்தோர் உலகுக்குச் சென்று, அங்குத் திறந்துகிடந்த வாயிலைத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு மூடியதைச் சொல்லும். அந்நூல் 1973-இல் அமெரிக்காவின் தேசிய நூற்பரிசைச் சிறுவர் நூல் வகையிற் பெற்றது.

மூன்றும் முடிந்த நிலையில் தொடர் நிறைவுற்றதாகவே படிப்போர் கொண்டனர். பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1972-இல் சிறுவராயிருந்து இவற்றைப் படித்தோர் 1990-இல் வளர்ந்த ஆடவரும் பெண்டிருமாய் இருந்தனர். இக்கால இடைவெளி கருத்து வேறுபாட்டின் காரணங்களுள் ஒன்றாதலை மறத்தலாகாது.

நான்காம் நூல்

‘தெஹானு’ தொடங்குங்கால் டெனார் நடுவயதுக் கைம்பெண். கான்ட் தீவின் உழவன் ஒருவனை மணந்து, ஆணும் பெண்ணுமாய் இரு மக்களைப் பெற்று வளர்த்து, கோஹா என்னும் வழக்குப்பெயருடன் வாழ்கிறாள். உறவினராலேயே வன்கொடுமைக்கு ஆளாகித் தீயிலிடப்பட்டு, முகத்தின் ஒருபுறமும் ஒரு கையும் கருகிய சிறுமி ஒருத்தியை அவள் எடுத்து வளர்க்கிறாள். அச்சிறுமிக்குத் தெர்ரு என்று பெயரிடுகிறாள். முதிய மாயவல்லானாகிய ஓகியன் இறக்கிறான். பின்னர்க் கலெசின் என்னும் பறவைநாகத்தின் முதுகில் கெட் வந்து சேர்கிறான். அவனிடம் மாய ஆற்றல் ஒருதுளியும் எஞ்சவில்லை. நூலின் பெரும்பகுதி அடுப்படியிலும் ஆட்டுப்பட்டியிலும் பண்ணைவீட்டிலும் நிகழ்வது. இறுதியில், தீய மாயவல்லான் ஒருவனால் டெனாரும் கெட்டும் கட்டுண்டு மலைவிளிம்பிற்குச் செலுத்தப்படும்போது, தெர்ரு கலெசினை அழைக்கிறாள். அது வந்து இருவரையும் காத்து, அவளைத் தன் மகளென்று கூறித் தெஹானு என்னும் மெய்ப்பெயரால் விளிக்கிறது.

மறுப்போர் கூற்று

இந்நூலை மறுத்தோர் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் அவை ஐந்தாக அடங்கும். தலைவன் சிறுமைப்படுத்தப்பட்டான் என்பது முதலாவது. கடற்செலவும் வீரமும் நிறைந்த தொடர் வீட்டுவேலைக் கதையாய்ச் சுருங்கிற்று என்பது இரண்டாவது. சிறுவர்க்கெனத் தொடங்கிய தொடரில் குழந்தைமேல் இழைக்கப்பட்ட கொடுமையைக் கூறுதல் தகாது என்பது மூன்றாவது. ஆசிரியர் தாம் பிற்காலத்தே கொண்ட பெண்ணியக் கொள்கையை முன்னைய உலகின்மேல் வலிந்து ஏற்றினார் என்பது நான்காவது. பறவைநாகம் திடுமென வந்து சிக்கலை அவிழ்த்தல் கதையமைப்புக்குக் குறை என்பது ஐந்தாவது.

பெண்ணிய நோக்கினருள்ளும் மறுப்போர் இருந்தனர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவர் கூறிய குறை இவற்றிற்கு நேர்மாறானது. கல்லறையினின்றும் விடுதலை பெற்ற டெனாரை மனைவியும் தாயுமாக வீட்டினுள் அமர்த்தியது பின்னடைவே என்பது அவர் கருத்து. ஒரே நூலைப் பெண்ணியம் மிகுந்ததென ஒருசாராரும் குறைந்ததென மற்றொருசாராரும் பழித்தமை, இரு சாராரும் நூலுக்கு வெளியே நின்ற அளவுகோல் ஒன்றைக் கையாண்டனர் என்பதைக் காட்டும்.

ஏற்போர் கூற்று

இகழ்ச்சியே பொதுக் கருத்தாயிருந்தது என்று கொள்ளுதல் பிழையாகும். அமெரிக்க அறிவியற் புனைவு எழுத்தாளர் தம் வாக்கினால் அளிக்கும் நெபுலா பரிசு, 1990-ஆம் ஆண்டின் சிறந்த புதினத்துக்கென இந்நூலுக்கு வழங்கப்பட்டது. லோகஸ் என்னும் இதழின் படிப்போர் வாக்கெடுப்பிலும் 1991-இல் மிகுபுனைவுப் புதினத்துக்கான பரிசு இதற்கே கிடைத்தது. முன்னது எழுதுவோர் கருத்து. பின்னது படிப்போர் கருத்து. திறனாய்வாளருள் பெர்ரி நோடெல்மன் 1995-இல் எழுதிய கட்டுரை, நான்காம் நூலுக்குப்பின் முதல் மூன்றனையும் நாம் படிக்கும் முறையே மாறுபடுதலை ஆராய்ந்தது.

ஏற்போர் கூற்றின் சாரம் ஒன்றே. வீரர் உலகைக் காத்தனர் என்று மூன்று நூல்கள் கூறின. அவ்வுலகில் அடுப்பெரித்தோரும் புண்ணுக்கு மருந்திட்டோரும் யாவர் என்பதை நான்காம் நூலே கேட்டது என்பதாம்.

சான்று நோக்கல்

இனி இக்கூற்றுகளை நூற்சான்றுடன் ஒப்பிட்டுக் காண்போம்.

தலைவன் சிறுமைப்படுத்தப்பட்டான் என்னும் முதற்குறையை முதற்கண் எடுத்துக்கொள்வோம். கெட் தன் ஆற்றலை இழந்தது நான்காம் நூலிலன்று. மூன்றாம் நூலிலேயே அவ்விழப்பு முற்றுப்பெற்றது. ஆயின் மூன்றாம் நூல் அவனைப் பறவைநாகத்தின் முதுகிலேற்றி விடைகொடுத்து, இழப்பின் மறுநாளைக் காட்டாது முடிந்தது. மேலும் அந்நூலின் முடிவில் இரு வழக்குகள் கூறப்படுகின்றன. கெட் முடிசூட்டு விழாவிற்கு வந்திருந்து, பின் தன் படகேறித் தனியே சென்றான் என்று காப்பியப்பாடல் கூறும். கான்ட் தீவினரோ, அரசனே அவனைத் தேடி வந்தும் அவன் மலைக்காட்டினுள் சென்றுவிட்டமையால் காணவியலவில்லை என்பர். ஆசிரியர் 1990-இல் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இவ்விரண்டாம் வழக்கே. முடிசூட்டுக்கு அழைக்க அரசன் தூதர் வருதலும், நாணத்தால் கெட் மலையேறி ஆடு மேய்த்தலும் அதன் விரிவாகும். அரசன் நேரே தேடிவந்தான் என்றதற்கு மாறாக முதலில் தூதரை வரச்செய்தது சிறு வேறுபாடே. ஆகவே பதினெட்டு ஆண்டுகட்குமுன் ஊன்றிய வித்தே ஈண்டு முளைத்தது. புகழ்ப்பாடலை நம்பிய படிப்போர் ஏமாற்றமுற்றனர். ஊரார் வழக்கைக் கருத்திற்கொண்டோர் ஏமாறவில்லை.

இரண்டாவதும் நான்காவதுமாகிய குறைகள் தம்முள் தொடர்புடையன. பெண்ணியக் கருத்து புறத்தேயிருந்து வந்து ஏறியதெனின், முன்னைய நூல்களில் அதற்கு இடமே இல்லாதிருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறன்று. பெண்டிர் மாயம் வலிமையற்றது, தீயது என்னும் இருவகைப் பழிப்பும் முதல் நூலிலேயே அவ்வுலகின் பழமொழிகளாகக் கூறப்பட்டன. ஆயினும் கெட் முதன்முதல் மாயச்சொல் கற்றது அவன் தாயின் உடன்பிறந்தாளாகிய சிற்றூர்ச் சூனியக்காரியிடமே. பள்ளியில் பெண்கட்கு இடமின்மை முதல் நூலின் அமைப்பு. டெனாரின் பிற்கால வாழ்வு என்னாயிற்று என்னும் வினாவுக்கோ மூன்றாம் நூல் விடை பகரவில்லை. பழிமொழியைக் கூறி அதன் உண்மையை ஆராயாது விடுத்த இடத்தையே நான்காம் நூல் திரும்பிச் சென்று ஆராய்கின்றது. மாஸ் என்னும் சிற்றூர்ச் சூனியக்காரி இந்நூலில் பெறும் இடம், முதல் நூலில் பெயரின்றி மறைந்த அத்தாயின் உடன்பிறந்தாளுக்குக் காலங்கடந்து செலுத்திய கடன் போலும்.

மூன்றாம் குறையும் இவ்வாறே தளர்கின்றது. இரண்டாம் நூலில் பூசகியாகிய சிறுமியின் ஆணையால் சிறைப்பட்டோர் மூவர் இருளில் பசியால் இறக்கின்றனர். கொடுமை தொடருக்குப் புதிதன்று. கொடுமைக்கு உள்ளானவரின் முகத்தைப் பக்கந்தோறும் நம்முன் நிறுத்துதலே புதிது. பெயர் பறிக்கப்பட்ட குழந்தையாகிய டெனார், முகம் கருக்கப்பட்ட குழந்தையாகிய தெர்ருவை வளர்த்தலில் இரண்டாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் உள்ள உறவு வெளிப்படும்.

ஐந்தாம் குறையில் ஓரளவு உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பறவைநாகமும் மாந்தரும் ஒருகாலத்தில் ஓரினமாயிருந்தனர் என்னும் பழங்கதை நூலின் தொடக்கத்திலேயே தெர்ருவுக்குச் சொல்லப்படுதலின், கலெசினின் வருகை முன்னறிவிப்பின்றி வந்ததாகாது. ஆயின் தீயோனாகிய மாயவல்லானின் உள்ளம் போதிய அளவு விளக்கப்படவில்லை. ஏனை மாந்தரை நுணுகி வரைந்த ஆசிரியர் அவனை வெறும் வெறுப்பின் உருவமாகவே விட்டமையால், முடிவு விரைந்ததாகத் தோன்றுகின்றது. மறுப்போர் கூற்றுகளுள் நூலின் அமைப்பையே தொட்டது இஃதொன்றேயாகும்.

ஆசிரியர் கூற்று

லெ குவின் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை 1993-இல் ‘எர்த்சீ: மறுநோக்கு’ என்னும் பொருள்பட நூலாக வந்தது. வீரக்கதை மரபு ஆடவர் பார்வையையே எல்லோர்க்கும் பொதுவான பார்வையாகக் கொண்டது என்பதும், முதல் நூல்களைத் தாமும் அம்மரபில் நின்றே எழுதினார் என்பதும், நான்காம் நூலில் அதே உலகைப் பெண்ணின் கண்கொண்டு நோக்கினார் என்பதும் அவ்வுரையின் கருத்துகளாம். ஆயினும் ஆசிரியர் கூற்றே முடிந்த முடிபெனக் கொள்ளுதல் ஆய்வுக்குப் பொருந்தாது. ஆசிரியரும் தம் நூலைப் பற்றித் தவறுதல் கூடும் என்பதற்கு இத்தொடரே சான்று. ‘தெஹானு’வுக்கு ‘எர்த்சீயின் இறுதி நூல்’ என்று துணைப்பெயரிட்ட அவர், 2001-இல் ‘எர்த்சீக் கதைகள்’, ‘மற்றைக் காற்று’ என்னும் இரு நூல்களை வெளியிட்டார்; முன்னதன் முன்னுரையில் தம் பிழையை ஒப்புக்கொண்டார். அக்கதைகளுள் ஒன்று, ரோக் பள்ளியை நிறுவியோருள் பெண்டிரும் இருந்தனர் என்று கூறி, 1968-இல் எழுந்த அமைப்புக்கே முன்வரலாறு வகுத்தது.

முடிவுரை

முதல்நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, வேண்டும் வேறுபாட்டினைக் கொள்வது வழிநூல் என்பது தமிழ் இலக்கண நூலார் கொள்கை. அவ்விலக்கணம் வேறு வகை நூல்களை நோக்கி எழுந்ததாயினும், அவ்வளவுகோல் ஈண்டும் பயன்படும். ‘தெஹானு’ முன்னைய நூல்களின் முடிபுகளுள் தலையாயவற்றை மறுக்கவில்லை. அவற்றை நோக்கும் இடத்தையே மாற்றிற்று. நிகழ்ச்சி மாறின் அது முரண். நோக்கிடம் மாறின் அது விளக்கம். மறுப்போருள் பலர் பின்னதை முன்னதாகக் கொண்டமையே வழக்கின் வேர் என்பது எம் துணிபு.

எனினும் அவர்தம் வருத்தத்தைப் பொய்யென்று தள்ளுதல் முறையன்று. இளமையில் ஒரு வீரனோடு கடல் கடந்தவர், அவன் நாணிக் குறுகி நிற்றலைக் காணுங்கால் துயருறுதல் இயல்பே. அத்துயரை எழுப்புதலே நூலின் நோக்கமுமாகும். டெனாரும் அவனை அந்நிலையிலேயே கண்டு, அந்நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறாள். படிப்போர் தம் நினைவிலுள்ள தலைவனை மீண்டும் கேட்கின்றனர்; நூலோ அவன் இழப்புக்குப்பின் எஞ்சிய மாந்தனைத் தருகின்றது. கேட்டதற்கும் தந்ததற்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து கூறாத கருத்துரை, எத்துணைப் பேர் உரைத்ததாயினும், திறனாய்வு ஆகாது. தொடர்புதினங்களின் பிற்பகுதிகளை ஆராய முற்படும் மாணவர், படிப்போர் கருத்தைத் தொகுத்தலோடு அமையாது, ஒவ்வொரு கருத்தையும் முற்பகுதியின் சொல்லோடு வைத்து அளத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வழக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.